போர்தோ–பாரிஸ்: டெர்னி மோட்டார் வண்டியை இழந்ததும் மூன்றே வருஷத்தில் முடிந்துபோன பந்தயம்

சைக்கிள் பந்தயம் விடாமல் பார்க்கிறவர்களிடம் ஒருநாள் பந்தயங்களில் பெரியது எது என்று கேட்டால் பாரிஸ்–ரூபே என்பார்கள், மிலான்–சான் ரெமோ என்பார்கள், ஃப்ளாண்டர்ஸ் சுற்று என்பார்கள். போர்தோ–பாரிஸ் என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள், 1988-க்குப் பிறகு தொழில்முறை வீரர்களுக்கு அப்படி ஒரு பந்தயமே கிடையாது. ஆனால் 1896-ல் ரூபே ஊரின் நூற்பாலை முதலாளிகள் இரண்டு பேர், தெயோதோர் வியென், மொரிஸ் பெரேஸ், தங்கள் ஊருக்கும் ஒரு பந்தயம் வேண்டும் என்று ‘லெ வெலோ’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதியபோது என்ன சொல்லிக் கேட்டார்கள் தெரியுமா? போர்தோ–பாரிஸுக்குத் தயாராகும் வீரர்களுக்கு இது நல்ல பயிற்சியாக இருக்கும் என்று சொல்லித்தான். அன்றைக்கு எல்லோரும் மனசில் வைத்திருந்த பெரிய பந்தயம் போர்தோ–பாரிஸ். பாரிஸ்–ரூபே அதற்கு முன்னால் காலைச் சூடுபடுத்திக்கொள்ளும் ஓட்டம். அந்தப் பயிற்சி ஓட்டம் இன்று உலகப் புகழோடு நடக்கிறது, பெரிய பந்தயம் இல்லை.

ஏன் நின்றது என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில் தூரம். 560, 580, சில வருஷங்களில் 600 கிலோமீட்டரை நெருங்கும் தூரம். பிற்காலத்தில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் போர்தோவின் வடக்குப் புறநகரில் கிளம்பினால் அன்று மாலை பாரிஸ் வரை சைக்கிளை விட்டு இறங்குகிற பேச்சே இல்லை. கேட்டதும் ‘சரி, இதனால்தான் நிறுத்தியிருப்பார்கள்’ என்று தோன்றும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதே தூரத்தோடுதான் அது 97 வருஷம், இரண்டு உலகப் போர்களின் இடைவெளியையும் தாண்டி, உயிரோடு இருந்தது. அதைத் தாங்கிப்பிடித்த இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின என்பதுதான் என் கணிப்பு. அந்த இரண்டும் என்னவென்று புரிய, முதலிலிருந்து வரவேண்டும்.

1891 மே 23, காலை ஐந்து மணி. போர்தோவில் 28 பேர் கிளம்புகிறார்கள். நடத்தியது அந்த ஊர்ப் பத்திரிகையான ‘வெலோஸ்-ஸ்போர்’. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு மனுஷன் சைக்கிளில் இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் போக முடியுமா என்பதே அப்போது கேள்வி. நடத்தியவர்களுக்கே நம்பிக்கை இல்லை, வீரர்கள் வழியில் தங்கித் தூங்கிப் போவார்கள் என்று நினைத்துப் படுக்கை, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜார்ஜ் பில்கிங்டன் மில்ஸ் ராத்திரி முழுக்க ஓட்டி, மறுநாள் காலை பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது ஆகியிருந்த நேரம் 26 மணி 34 நிமிஷம். முதல் நான்கு இடமும் ஆங்கிலேயர்களுக்கே. ஐந்தாவதாக வந்தவர்தான் பிரெஞ்சுக்காரர், போர்தோ ஊர்க்காரரான ஜோசப் ஜியேல்-லவால்.

அந்த ஆங்கிலேயர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மில்ஸ் 1886-லேயே, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும் பழைய சைக்கிளில், பிரிட்டனின் தென்மேற்குக் கோடி லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்குக் கோடி ஜான் ஓ’குரோட்ஸ் வரை ஐந்து நாளும் சொச்சமுமாக ஓட்டி முடித்தவர். இரண்டாவதாக வந்த மான்டேகு ஹோல்பைன் பிற்காலத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கத் திரும்பத் திரும்ப முயன்றார். மூன்றாவதாக வந்த செல்வின் எட்ஜ் 1902-ல் நேப்பியர் காரில் கார்டன் பென்னட் கோப்பையை வென்றார். உடம்பால், இயந்திரத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்துவிடத் துடித்த ஒரு தலைமுறை அது. இன்னொன்றும் கவனியுங்கள். பணத்துக்காக ஓட்டுகிறவர்களோடு தங்கள் ஆட்கள் மோதக் கூடாது என்று இங்கிலாந்தின் சைக்கிள் சங்கம் கறாராக இருந்ததால், அந்த முதல் பந்தயத்தை அமெச்சூர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். அந்த அமெச்சூர்களுக்கும் வழி நெடுகக் கூட்டாளிகள் காத்திருந்து, முன்னால் ஓட்டி, வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுத்துக் கொடுப்பவர் பேஸர். இந்தப் பந்தயம் பிறந்ததே பேஸரோடுதான்.

உள்ளூர்க்காரர்கள் ஐந்தாம் இடத்தில் வந்தது பிரெஞ்சுக்காரர்களை உறுத்தியது. அதே வருஷம் செப்டம்பரில் ‘லெ பெத்தி ஜூர்னால்’ பத்திரிகையின் பியர் ஜிஃபார், இதைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை நடத்தினார், பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும். ஷார்ல் தெரோன் வென்றார், ஜியேல்-லவால் இரண்டாவது. பத்திரிகைகளுக்கு இதில் என்ன லாபம் என்றால், பந்தயம் நடக்கிற ராத்திரி முழுக்க ஊர் ஊராகச் சேதி வரும், காலையில் அதைப் படிக்க ஆட்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவார்கள். டூர் டி பிரான்ஸ் 1903-ல் பிறந்ததும் இதே கணக்கில்தான், அதன் முதல் வெற்றியாளர் மொரிஸ் கராங் முந்தின வருஷம் போர்தோ–பாரிஸை வென்றிருந்தார்.

பேஸர்களுக்கு வருவோம். முதலில் சைக்கிள், அப்புறம் இருவர், மூவர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிள்கள், 1890-களின் கடைசியில் மோட்டார் கார்கூட முன்னால் ஓடியது. இடையில் பேஸரே இல்லாமல் நடந்த காலங்களும் உண்டு. 1896-ல் வேல்ஸ்காரர் ஆர்தர் லின்டனும் பிரான்சின் காஸ்தோன் ரிவியேரும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். முதலில் வந்த லின்டன் பாரிஸில் தவறான பாலத்தின் வழியே ஸேன் நதியைக் கடந்துவிட்டார் என்று புகார் கிளம்பியதால் அப்படி ஒரு சமரசம். அடுத்த இரண்டே மாதத்தில், ஜூலையில், லின்டன் இறந்துபோனார். பதிவான காரணம் டைஃபாய்டு. அவருடைய பயிற்சியாளர் சாப்பி வார்பர்ட்டன் வீரர்களுக்கு ஏதோ மருந்து கொடுக்கிறார் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்ததால், ஊக்கமருந்தால் இறந்த முதல் விளையாட்டு வீரர் என்று லின்டன் பெயரைப் பிறகு எழுதத் தொடங்கினார்கள். பல விளையாட்டு மருத்துவப் புத்தகங்களில் ‘1886 போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் இறந்தார்’ என்றே இருக்கும். பந்தயமே 1891-ல்தான் தொடங்கியது, அவர் இறந்ததும் பந்தயத்தில் இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்க்காமல் எடுத்துப்போட்டே இது நூறு வருஷம் ஓடியிருக்கிறது. இறந்த மனிதரின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த அலட்சியம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

1930-களில் மோட்டார் பேஸிங் நிலைபெற்றது. 1938-ல் பாரிஸின் ரோஜே டெர்னி கம்பெனி இதற்கென்றே ஒரு வண்டி செய்தது. கம்பெனியின் பெயரே வண்டியின் பெயரானது: டெர்னி. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய வண்டி அது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஹேண்டில்பாருக்கு மேலேயே குறுக்காகப் பெட்ரோல் டேங்க். எஞ்சின் இருந்தாலும் பெடலும் உண்டு, முன்பக்கம் 70 பல்லும் பின்பக்கம் 11 பல்லுமாகப் பெரிய கியர். ஓட்டுகிறவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மிதித்துக்கொண்டே போவார். எஞ்சின் இருக்கும்போது எதற்கு மிதிக்க வேண்டும்? மோட்டார் சைக்கிளில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி வெடுக்கென்று முன்னால் போகும், விட்டால் சட்டென்று இறங்கும், பின்னால் ஒரு முழ தூரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறவன் அந்தத் திடீர் மாற்றத்தில் ஒன்று காற்றில் தனியாக நிற்பான், இல்லையென்றால் மோதுவான். கால் மிதிப்பும் எஞ்சினும் சேர்ந்தால் வேகம் வழுக்கிக்கொண்டு ஏறும், வழுக்கிக்கொண்டு இறங்கும். பேஸரின் திறமை முழுக்க அதில்தான். தன் ஆளின் மூச்சு, குரல், சோர்வு எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்காமலே படித்து, அரை கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். அந்தக் காற்றை இன்னொருவர் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நேரமே சாட்சி. மில்ஸுக்கு இருபத்தாறரை மணி நேரம் பிடித்த பாதையை டெர்னி காலத்து வீரர்கள் பதினான்கு, பதினைந்து மணி நேரத்தில் முடித்தார்கள்.

ஆனால் முழுத் தூரமும் டெர்னி கிடையாது. போருக்குப் பிந்தைய பந்தயங்களில் முதல் பாதி இருட்டில், பேஸர் இல்லாமல், எல்லோரும் கூட்டமாக ஓட்டுவது. இந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் தாக்குவதில்லை, அதாவது திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களைப் பிரிந்து போகப் பார்ப்பதில்லை. விடிந்து புவாதியே அல்லது ஷாதெல்ரோ பக்கம் வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு டெர்னி வந்து சேரும், அங்கிருந்துதான் பந்தயமே. 1963-ல் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் வென்றதைப் பார்த்தால் இது விளங்கும். ராத்திரி 1:58-க்குக் கிளம்பினார்கள், மொத்தம் 557 கி.மீ.; சிம்ப்சன் அதற்குமுன் அவ்வளவு தூரம் பந்தயம் ஓட்டியதே இல்லை. சுமார் 260 கி.மீ. தாண்டி ஷாதெல்ரோவில் டெர்னிகள் சேர்ந்துகொண்டன. அவருடைய பேஸர் பெர்னான் வாம்ஸ்ட். முன்னால் போயிருந்த கூட்டம் 13 நிமிஷம் தள்ளி இருந்தது. வாம்ஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றி, கூட வந்தவர்களை உதறி, சுமார் 160 கி.மீ. துரத்தி முன்கூட்டத்தைப் பிடித்துக் கொடுத்தார். அப்புறம் சிம்ப்சன் தாக்கினார், பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் மைதானத்துக்குள் நுழையும்போது அடுத்தவரைவிட ஐந்து நிமிஷத்துக்கு மேல் முன்னால். 160 கி.மீ. துரத்தல் என்பதை மனசில் நிறுத்திப் பாருங்கள், இன்றைய டூரில் ஒரு நாள் பந்தயத்தின் முழு நீளமே பல நாட்களில் அவ்வளவுதான்.

அந்த வாம்ஸ்ட் 1969 செப்டம்பரில் புளுவா ஊரின் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத் தடத்தில், பெல்ஜியத்தின் பெரிய வீரர் எட்டி மெர்க்ஸுக்கு டெர்னி ஓட்டும்போது நடந்த விபத்தில் இறந்தார். மெர்க்ஸுக்கும் பலத்த அடி, அதற்குப் பிறகு மலையேறும்போது தன் உடம்பு பழையபடி இருந்ததே இல்லை என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். வெற்றிப் பட்டியலில் பேஸர்கள் பெயர் வருவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பாதி அவர்களுடையது.

1965-ஐச் சொல்லாமல் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசவே முடியாது. ழாக் அன்கெதில் அப்போதே ஐந்து முறை டூர் ஜெயித்தவர். ஆனால் பிரெஞ்சு ஜனங்களின் செல்லப்பிள்ளை அவர் இல்லை, அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த ரேமோன் புலிதோர். இன்னொரு டூர் ஜெயித்தால் மட்டும் அது மாறாது என்று அணி மேலாளர் ரஃபாயேல் ஜெமினியானி கணக்குப் போட்டார். எட்டு நாள் பந்தயமான தோஃபினே லிபெரேயையும் அது முடிந்த கையோடு போர்தோ–பாரிஸையும் ஓட்டு என்றார். மே 29 பிற்பகல் அவின்யோனில் தோஃபினே முடிந்தது, அன்கெதில் வெற்றி, புலிதோர் இரண்டாவது. பேட்டி, பரிசளிப்பு எல்லாம் முடித்து மாலை ஆறரை மணிக்கு நீமிலிருந்து விமானம் ஏறி போர்தோ. நள்ளிரவில் சாப்பாடு, உடனே பந்தயம். ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, எதுவும் உள்ளே இறங்கவில்லை, விலகிவிடுகிறேன் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். ஜெமினியானி ஆறுதல் சொல்லவில்லை, ஆண்மையைச் சீண்டுகிற கெட்ட வார்த்தையில் திட்டினார். வெறி வந்து தொடர்ந்தார். விடிந்து டெர்னிகள் சேர்ந்தபோது உடம்பும் சரியானது. கடைசிக் கட்டத்தில் சிம்ப்சன், அன்கெதில், அன்கெதிலின் அணித்தோழர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி என்று மூன்று பேர். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தாக்கி சிம்ப்சனைக் களைக்க வைத்தார்கள், பாரிஸுக்கு முன்னால் அன்கெதில் தனியே போனார். 57 வினாடி கழித்து ஸ்தாப்லின்ஸ்கி, அவரை ஒட்டினாற்போல் சிம்ப்சன். அந்த வருஷம் அன்கெதில் டூர் பக்கமே போகவில்லை, ஆனால் ஜனங்கள் அவரை மனசார ஏற்றுக்கொண்டது இந்த வெற்றிக்குப் பிறகுதான் என்பார்கள்.

கேட்க அற்புதமான கதை. இதற்குள்ளேயே பந்தயத்தின் பலவீனமும் இருக்கிறது. அன்கெதில் மாதிரி ஒருவர் வேறொரு பந்தயம் முடித்த மறுநாள் வந்து ஜெயித்தது விதிவிலக்கு. மற்றவர்களுக்கு இது வாரக்கணக்கில் தனியாகத் தயாராக வேண்டிய வேலை: இரவில் ஓட்டிப் பழக வேண்டும், டெர்னிக்குப் பின்னால் ஓட்டிப் பழக வேண்டும், முடித்த பிறகு உடம்பு தேறவும் நாளாகும். அதனால் இதற்கென்றே நிபுணர்கள் உருவானார்கள். பிரான்சிஸ் பெலிசியே 1922, 1924-ல் தானே ஜெயித்து, பிறகு அணி மேலாளராகி ‘போர்தோ–பாரிஸின் மந்திரவாதி’ என்று பெயர் வாங்கினார். பெர்னார் கோத்தியே 1951-க்கும் 1957-க்கும் இடையில் நான்கு முறை. எமில் மாசோன் 1923-ல் ஜெயித்தார், அதே பெயர் கொண்ட அவர் மகன் 1946-ல் ஜெயித்தார். நெதர்லாந்தின் விம் வான் எஸ்ட் மூன்று முறை. 1951 டூரில், முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியோடு, ஒபிஸ்க் மலைப் பள்ளத்தில் விழுந்து, டயர்களைக் கயிறாகக் கோத்து மேலே இழுக்கப்பட்டவர் இவர்தான்.

எல்லோருக்கும் மேலே பெல்ஜியத்தின் ஹெர்மன் வான் ஸ்பிரிங்கல், 1970 முதல் 1981 வரை ஏழு முறை. கடைசியாக ஜெயித்தபோது வயது 37. இதே ஆள்தான் 1968 டூரைக் கடைசி நாளில் வெறும் 38 வினாடியில் யான் யான்சனிடம் இழந்தவர். 1974-ல் அவர் வழி மாறிப் போனதில் எழுந்த குழப்பத்தால் ரெஜிஸ் தெலெபினோடு வெற்றியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று, லின்டன் காலத்தைப் போலவே. நிபுணர்கள் இருப்பது ஒரு பந்தயத்துக்குப் பெருமைதான், ஆனால் ஒரே ஆள் ஏழு முறை ஜெயிக்கிறார் என்றால் மற்ற பெரிய பெயர்கள் வரவில்லை என்றும் அர்த்தம். 1959-ல் லூயிசோன் போபே, 1963-ல் சிம்ப்சன், 1965-ல் அன்கெதில், 1966-ல் யான்சன் என்று இருந்த வெற்றிப் பட்டியல் எழுபதுகளில் மெல்ல வேறு மாதிரி ஆகிவிட்டது. 1971, 1972-ல் பந்தயமே நடக்கவில்லை. ஒருமுறை காலண்டரிலிருந்து விழுந்த பந்தயம் திரும்பி வந்தாலும் பழைய இடம் கிடைப்பதில்லை.

இங்கேதான் நான் சொன்ன முதல் விஷயம்: காலண்டர். மே மாசக் கடைசி என்றால் ஒரு பக்கம் இத்தாலிய சுற்று, இன்னொரு பக்கம் தோஃபினே, அதன் பின்னால் டூர். அணிக்குப் பணம் கொடுக்கிற கம்பெனிக்கு டூர் முக்கியம். தன் முக்கிய வீரரை ஒரே ஒரு நாளுக்காக ஒரு மாசம் ஒதுக்கி வைக்க எந்த மேலாளர் சம்மதிப்பார்? 1984-ல் வீரர்களுக்குப் புள்ளிக் கணக்கில் உலகத் தரவரிசை வந்தது, 1989-ல் கிளாசிக் என்கிற பெரிய ஒருநாள் பந்தயங்களைக் கோத்து உலகக் கோப்பைத் தொடர் வந்தது. வருஷம் முழுக்கப் பல இடங்களில் புள்ளி சேர்ப்பவனுக்கே மதிப்பு என்று ஆன பிறகு, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்த்து ஒரே பந்தயத்துக்குத் தன்னைக் கொடுப்பவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இரண்டாவது, டெர்னி. ஒவ்வொரு வீரருக்கும் வண்டி, பழகிய பேஸர், மாற்று ஏற்பாடு, பின்தொடரும் கார் என்று செலவும் சிக்கலும் அதிகம். சாலைப் போக்குவரத்தும் ஐம்பதுகளில் இருந்த மாதிரி இல்லை. 1985-ல் ரெனே மார்ட்டென்ஸ் ஜெயித்ததோடு டெர்னியை எடுத்துவிட்டார்கள். சாதாரணப் பந்தயமாக மாற்றினால் நிறையப் பேர் வருவார்கள் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். 1986-ல் கில்பர்ட் கிளாவுஸ், 1987-ல் பெர்னார் வாலே, 1988-ல் ழான்-பிரான்சுவா ரோ, அவ்வளவுதான். இந்த முடிவைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டெர்னி இருக்கும்வரை இரவு முழுக்க அமைதியாகப் போன கூட்டம் விடிந்ததும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து இன்னொரு பந்தயமாக மாறும், 300 கி.மீ. தூரத்துக்கு ஆளுக்கு ஆள் நேரடி மோதல் நடக்கும், நிகழ்வுகள் இருக்கும். டெர்னியை எடுத்ததும் மிஞ்சியது மற்ற பந்தயங்களைப் போலவே ஆனால் இரண்டு மடங்கு நீளமான ஒன்று. கூட்டமாகவே ஓட்டிக் கடைசியில் தீர்மானிக்கிற பந்தயத்துக்கு 250 கி.மீ. போதுமே, எதற்கு 600?

டெர்னி இன்றும் வெலோட்ரோம்களில் ஓடுகிறது, ஒலிம்பிக் கெய்ரின் போட்டியில் முன்னால் போகிற வண்டி அதன் வாரிசுதான். தொழில்முறை ஒருநாள் பந்தயங்களில் இன்றைக்கு நீளமானது மிலான்–சான் ரெமோ, 300 கி.மீ.யை ஒட்டி. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் தொழில்முறைப் பந்தயமாக 1951-ல் முடிந்தாலும் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை 90 மணி நேரக் கெடுவோடு நடக்கும் 1,200 கி.மீ. ஆடாக்ஸ் ஓட்டமாக, அதாவது ஜெயிப்பதற்காக இல்லாமல் கெடுவுக்குள் முடிப்பதற்கான நெடுந்தூர ஓட்டமாக, பிழைத்துக்கொண்டது. சென்னையிலும் கோவையிலும் 200, 300, 400, 600 கி.மீ. என்று பிஆர்எம் எனப்படும் தகுதி ஓட்டங்களை ஓட்டுகிறவர்கள் அதற்குத்தான் தகுதி சேர்க்கிறார்கள். போர்தோ–பாரிஸ் பெயரிலும் 2014-ல் பொதுமக்களுக்கான நெடுந்தூர ஓட்டம் ஒன்று தொடங்கினார்கள். ஆனால் அதில் டெர்னி இல்லை. ஒரு அழைப்புப் பந்தயமாக, பதினைந்து வீரர், பதினைந்து டெர்னி, புவாதியேவிலிருந்து பாரிஸ் வரை என்று யாராவது நடத்த முன்வந்தால் நேரலையில் முழுசாக உட்கார்ந்து பார்க்க நான் தயார், அப்படிப் பார்க்கிறவன் நான் ஒருவன் மட்டுமாக இருக்க மாட்டேன்.